ஒரு லயத்துக்கு ஒரு நம்பர்

பெப்ரவரி 9, ஞாயிறு

அம்மாவோடு ஹட்டனுக்குப் போய் வந்தேன். போகும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. வரும்போது லிந்துலை வரைக்கும் நின்றுகொண்டே வந்தோம்.

மூணுமாடிக் கடையில்தான் சாமான் வாங்கினோம். பலகையில் வேறு பெயர் எழுதியிருக்கிறது, ஒரே வரிசையில் பதினொரு வீடு உள்ள எங்கள் லயத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. கீழே அரிசி பருப்பு, நடுவில் மருந்தும் சோப்பும், மேலே உடுப்பு. பில் போடுகிற பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “நம்பர்?” என்றாள். அம்மா மூச்சு விடாமல் என் ஃபோன் நம்பரைச் சொன்னாள்.

இது மாரியாயி அத்தை போட்ட திட்டம். அந்தக் கடையில் சாமான் வாங்கினால் நம்பருக்குப் பாயிண்ட் சேரும். ஒரு வீட்டு பாயிண்டுக்கு சோப்புப் பெட்டிதான் கிடைக்கும். லயத்தில் எல்லா வீடும் ஒரே நம்பரைச் சொன்னால் திருவிழாவுக்குள் பெரிய அண்டா வாங்கலாம், கோவிலுக்கு ஆகும் என்றாள். கார்டு எடுக்க அடையாள அட்டை கேட்டார்கள், அம்மா கொடுத்தாள். நம்பர் என்னுடையது. ஏனென்றால் எப்போதும் வீட்டில் இருப்பது என் ஃபோன்தான். பள்ளிக்கூடம் நின்ற பிறகு நானும் எப்போதும் வீட்டில்தான்.

இப்போது பழனியாண்டி தாத்தாகூட என் நம்பரை மனப்பாடமாகச் சொல்கிறார். டவுனில் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் யார் யாரோ என் நம்பரைச் சத்தமாகச் சொல்கிறார்கள் என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

பெப்ரவரி 18, செவ்வாய்

ஒரு ஃபோன் கால் வந்தது. பெண் குரல், ரேடியோவில் பேசுகிற மாதிரி.

“நாகலெட்சுமி அம்மாவா பேசுறீங்க?”

அது அம்மாவின் பெயர். அம்மா தேயிலை மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். ‘இல்லை’ என்று சொல்ல நினைத்து ‘ம்’ என்று சொல்லிவிட்டேன். தெரியாதவர்கள் கேட்டால் எனக்கு எப்போதும் ‘ம்’தான் வரும்.

“வாழ்த்துகள் அம்மா! இந்த நேரத்துல உங்களுக்கும் வயித்துல வளர்ற பாப்பாவுக்கும் சத்து ரொம்ப முக்கியம். எங்க கம்பெனி தாய்மார் பால்மா –”

வைத்துவிட்டேன்.

வயிற்றில் வளர்கிற பாப்பா.

தவறான நம்பர் என்று சொல்ல முடியாது. பெயரைச் சொன்னாள். அப்பா கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார். தீபாவளிக்கு வந்தவர், பொங்கலுக்குக்கூட லீவு கிடைக்கவில்லை.

நான் கணக்குப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது.

பெப்ரவரி 20, வியாழன்

அம்மா நேற்றுச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். இன்றைக்குக் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகும் முன்னால் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். “என்னம்மா?” என்றேன். “ஒண்ணுமில்ல, நேத்து ஏத்தம் ஜாஸ்தி” என்றாள். முன்பும் அப்படி உட்கார்ந்திருக்கிறாளா? நான்தான் பார்த்ததில்லையா?

பின்னேரம் ஊறுகாய்ப் போத்தலைத் திறந்து விரலால் தொட்டு நக்கினாள். இதெல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது.

பெப்ரவரி 23, ஞாயிறு

அம்மா குளிக்கப் போன நேரம் அவளுடைய துணிப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. நான் என்ன பிள்ளை?

பெப்ரவரி 27, வியாழன்

நான் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள உதவிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அம்மா நேரத்தோடு வந்து அடுப்படியில் நின்றாள். ஃபோன் அவள் கையில் இருந்தது.

“யாராச்சும் கூப்பிட்டாங்களாம்மா?”

“இல்ல.”

இல்லை என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தாள். என் வயிற்றை.

மார்ச் 2, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதிவிட வேண்டும்.

மூன்று நாளாக அம்மா என்னைத் தொடர்ந்து வந்தாள். கக்கூசுக்குப் போனால் வெளியே நிற்கிறாள். ரொட்டி சுட்டால் “இன்னொண்ணு தின்னு” என்கிறாள், தின்றால் “ஏன் இவ்வளவு பசி?” என்கிறாள். இன்றைக்குக் கதவைச் சாத்தினாள். பகலில் எங்கள் காம்பராக் கதவைச் சாத்துவது சாவு வீட்டுக்குப் போகும்போதுதான்.

“இந்த மாசம் தலைக்கு ஊத்துனியா?”

“ஏன்?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுடி.”

“ஊத்துனேன். போன கிழமை. நீதானே சுடுதண்ணி வச்சுக் குடுத்த?”

அம்மா அந்த ஞாபகம் வந்தும் நம்பவில்லை. “அந்த ஃபோன்ல யாருகிட்ட பேசுற? பால்மாக் கம்பெனிக்காரி எனக்கு எதுக்குக் கூப்பிடணும்? என் பேரைக் குடுத்து நீ என்ன வாங்குன? யாரு அவன்? அவன் பேரைச் சொல்லு, நான் ஒண்ணும் செய்யமாட்டேன், பேரை மட்டும் சொல்லு –”

எனக்கு அழுகை வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

“நான் உன்னைத்தான் நினைச்சேன்!”

“என்னையா?”

“உனக்குத்தானே வாழ்த்து சொன்னா!”

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள்.  பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று பக்கத்தில் போனால் சிரிக்கிறாள். “பாவி மகளே. ஒங்கப்பன் கொழும்புல இருந்து தபால்ல அனுப்புனானா?” என்றாள். நானும் சிரித்தேன். சிரித்துச் சிரித்து முட்டியில் தலையை வைத்து அழுதோம்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அம்மாவுக்கு இல்லை. எனக்கு இல்லை. அப்படியென்றால் யாருக்கு?

மார்ச் 8, சனி

இனி சிரிக்க முடியாது.

பிளக் ஜன்னல் பக்கத்தில் இருப்பதால் ஃபோனை அங்கேயே சார்ஜுக்குப் போடுவேன். நான் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரம் அது அடித்திருக்கிறது. மாரியாயி அத்தை கைநீட்டி எடுத்துவிட்டாள். தோட்டத்தில் யார் ஃபோனையும் யாரும் எடுப்பார்கள், அது தப்பே இல்லை. நான் குடத்தோடு வந்தபோது அவள் காதில் வைத்து, “ஆமா... ஆமா... சொல்லு தாயி...” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ஒங்கம்மாவுக்கு மூணாவது மாசமாமே? சொல்லவே இல்ல!”

“அது தப்பு கால் அத்தை.”

“தப்பு காலு பேரு சொல்லிக் கூப்பிடுமா?”

அப்பா வந்துபோனதிலிருந்து எண்ணி விரலை மடக்கினாள். தீபாவளி, கார்த்திகை, மார்கழி, தை... நாலாவது விரலில் நிறுத்தி உதட்டைப் பிதுக்கினாள்.

மார்ச் 10, திங்கள்

கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் அம்மா வந்ததும் பேச்சு நின்றுவிட்டதாம். நிறுவைக்கு நிற்கும்போது யாரோ பின்னால், “மெதுவா தூக்குங்க நாகலெட்சுமி, பாரம் தூக்கக் கூடாது” என்றார்களாம். எல்லாரும் சிரித்தார்களாம். இதை அம்மா சொல்லவில்லை. அடுத்த காம்பரா லோஜினி அக்கா சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் வெளுத்திருந்தது.

மார்ச் 12, புதன்

அப்பா கூப்பிட்டார். “அம்மா எங்க?” என்றார். “மலைக்குப் போயிருக்கு” என்றேன். “அங்க என்ன நடக்குது நிலக்ஷி?” ஒன்றும் இல்லை என்றேன். “எனக்கு இங்க கடையில வந்து சொல்றானுங்க” என்றார்.  வைத்துவிட்டார்.

ராத்திரி அம்மா கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

யார் அந்தக் கம்பெனிக்குச் சொன்னது? மருத்துவிச்சி மிஸ் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதுவாள், அவளா? டிக்கோயா ஆஸ்பத்திரியில் அம்மா இடுப்பு வலிக்கு மருந்து எடுத்தாளே, அங்கேயா? பஜாரில் ஃபோனுக்கு ரீலோட் போடுகிற ஹமீத் நானாவிடம் எங்கள் எல்லாருடைய நம்பரும் இருக்கிறது. ஃபோன்தான் கேட்டுக்கொண்டிருக்கிறதா? துணியில் சுற்றி அரிசிப் பீப்பாய்க்குள் வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, “வேகவா வச்சிருக்க?” என்றாள்.

மார்ச் 16, ஞாயிறு

பீலியில் நானும் லோஜினி அக்காவும் மட்டும் இருந்தோம். துணியை அலசிக்கொண்டிருந்தவள் ஓரமாகப் போய்க் குனிந்தாள். வாந்தி. திரும்பி வந்து வாயைக் கழுவினாள். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

“நிலா,” என்றாள். “ஒங்கம்மாவுக்கு வந்த காலு எனக்கு வர வேண்டியதுடி.”

கலியாணமாகி ஆறு வருஷம். இரண்டு தடவை தங்கவில்லை. இரண்டு தடவையும் ஆரம்பத்திலேயே ஊரெல்லாம் சொல்லியாயிற்று, இரண்டும் நாலாவது மாதத்தில் போயிற்று. அதனால் இந்தத் தடவை வயிறு தானாகத் தெரிகிறவரை ஒரு உயிருக்கும் சொல்வதில்லை என்று அவளும் கிஷாந்த் அண்ணனும் சாமிக்கு முன்னால் சத்தியம் செய்திருக்கிறார்கள். அவளுடைய அம்மாவுக்கே தெரியாதாம்.

“மூணுமாடிக் கடைக்குத் தனியாத்தான் போனேன். உண்டாயிருக்கான்னு பாத்துச் சொல்ற அந்தக் குச்சியும், பிறகு மாத்திரையும் வாங்குனேன். சோப்புக்கு அடியில மறைச்சு வச்சுத்தான் பில்லுக்குக் குடுத்தேன். அவ ‘நம்பர்?’னா. வாய் தானா சொல்லிருச்சு. அண்டாவுக்குச் சேரட்டும்னு.” நெற்றியில் அடித்துக்கொண்டாள். “எவ்வளவு மறைச்சேன் தெரியுமா? அண்டா ஆசையில போட்டு உடைச்சிட்டேன்.”

அப்போதுதான் எனக்கு எல்லாம் பொருந்தியது. சவர பிளேடு தள்ளுபடி என்று அம்மா பெயருக்கு மெசேஜ் வந்தது. சீனி வியாதிக்குக் கஷாயம், முட்டிக்குத் தைலம், வழுக்கைக்கு எண்ணெய். குப்பை என்று அழித்தேன். குப்பை இல்லை. அது நாங்கள். எங்கள் லயம் முழுவதையும் சேர்த்து அந்தக் கடை ஒரே பொம்பளையாகச் செய்து, அம்மா பெயரை வைத்து, விற்றிருக்கிறது.

“அம்மாகிட்ட மட்டும் சொல்லவா அக்கா?”

என் கையைப் பிடித்தாள். ஈரக் கை. “நாலாவது தாண்டட்டும்டி. அஞ்சும் தாண்டட்டும். ஒங்கம்மா படுற பாடு தெரியுது. நான் பாவிதான். ஆனா தாண்டட்டும்.”

சொல்ல மாட்டேன் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். “யாருன்னு ஒனக்குத் தெரிஞ்சு போச்சு.” நான் வாயைத் திறந்தேன். “வேணாம்,” என்றாள். “நான் கேக்கல.”

மார்ச் 19, புதன்

நம்பரை மாற்றிவிடலாம் என்று ஹமீத் நானா கடைக்குப் போனேன். கேட்கத் தைரியம் இல்லாமல் ஃபோன் கவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசியில் அவரே, “என்ன மகள், கவர் வாங்கவா, கடையைக் காவல் காக்கவா?” என்றார்.

நம்பரை மாற்றினால் நாளைக்கு மாரியாயி அத்தை என்ன சொல்வாள்? ‘பயத்துல நம்பரையே மாத்திட்டாளுங்க.’ கேட்காமலே திரும்ப நினைத்தேன். உள்ளே அவருடைய மகள் ஜிப்ரியா இருந்தாள். ஹட்டனில் சாமான் வாங்குகிற பாவனையாளர்களுக்கு உதவி செய்கிற ஒரு சங்கத்தில் வேலை. “என்ன பிரச்சினை தங்கச்சி?” என்று கேட்டாள். லோஜினி அக்கா பெயரைச் சொல்லாமல் மீதியைச் சொன்னேன். சொன்னேன் என்றால், அவள் கேட்கக் கேட்கத் தலையாட்டினேன்.

ஒருத்தருடைய விபரத்தை அவரைக் கேட்காமல் கைமாற்றக் கூடாது என்று நாட்டில் சட்டமே இருக்கிறதாம். முழுசாக நடைமுறைக்கு இன்னும் வரவில்லையாம். இருக்கிறது ஆனால் வரவில்லை. எங்கள் லயத்து ரோடு மாதிரி. கடைகள் இப்படிச் செய்வதைப் பற்றி விசாரிக்கப் பாராளுமன்ற மேற்பார்வைக் குழு ஒன்று அடுத்த மாதம் நுவரெலியாவுக்கு வருகிறது, பாதிக்கப்பட்டவர்கள் நேரில் பேசலாம், கடைக்காரர்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாள்.

“நீ வந்து பேசுறியா?”

எனக்குப் பள்ளிக்கூடத்துக் காலைக்கூட்டம் ஞாபகம் வந்தது. திருக்குறள் சொல்ல நிறுத்தினார்கள், ஒரு சொல்லும் வரவில்லை, எல்லாரும் சிரித்தார்கள்.

“ம்” என்றேன். பாழாய்ப்போன ‘ம்’.

மார்ச் 20, வியாழன்

இந்த ஜிப்ரியா ஏன் எனக்கு உதவ வேண்டும்? அவளுக்கு என்ன கிடைக்கும்?

அம்மாவுக்கும் சந்தேகம். “பாராளுமன்றமா? தேர்தல் வருதுல்ல, அதான்.”

ஆனால் எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. அத்தனை பேர் முன்னால் அந்தக் கடைக்காரன், ‘நாகலெட்சுமிக்கு ஒன்றுமில்லை, நாங்கள்தான் பிழை விட்டோம்’ என்று சொல்ல வேண்டும். அதை ஃபோனில் பதிந்து கொண்டுவந்து கொழுந்து மடுவத்தில் போட்டுக் காட்ட வேண்டும். மாரியாயி அத்தைக்குப் பக்கத்தில் நின்று.

மார்ச் 27, வியாழன்

அப்பா இன்னும் பேசவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

நுவரெலியா போய் வந்தோம். 

மண்டப வாசலிலேயே பெயர், அடையாள அட்டை, ஃபோன் நம்பர் எழுதச் சொன்னார்கள். எதற்கு நம்பர்? ஜிப்ரியா அக்காவைப் பார்த்தேன். “கேளு,” என்றாள். கேட்டேன் – “நம்பர் எதுக்குங்க?” அந்த ஆள் என்னையே பார்த்தான், பிறகு, “இல்லாட்டி விடுங்க” என்றான். விட்டேன். இவ்வளவுதானா? கேட்டால் விட்டுவிடுவார்களா?

முன்னால் நீள மேசையில் குழுவில் உள்ள எம்பிமார். தலைவர் ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர். சிங்களத்தில் பேசுவதைத் தமிழில் கேட்க காதுக்குள் வைக்கிற ஒன்று தந்தார்கள். அம்மா பின் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடையிலிருந்து டை கட்டிய ஒரு மேனேஜர்.

என் முறை வந்தது. எழுந்தேன். காலைக்கூட்டம் மாதிரியே ஆனது. ஒன்றும் வரவில்லை. தலைவர் அம்மா, “அவசரமில்ல மகள், தண்ணி குடிங்க” என்றார். குடித்தேன். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பதினொரு வீடும் ஒரு நம்பரைச் சொன்னது. பால்மாக் கால். அம்மாவை ஊர் பேசுவது. அப்பா ஃபோன் எடுக்காதது. இவ்வளவையும் நானா சொன்னேன்?

மேனேஜர் எழுந்தார். “எங்களுக்கு நாகலெட்சுமி என்பவர் ஒரே வாடிக்கையாளர். கார்டு எடுக்கும்போது சம்மதம் தெரிவித்திருக்கிறார். ஒரு கார்டைப் பதினொரு குடும்பம் பாவித்தது எங்கள் விதியை மீறியது. பரிசுக்காக ஏமாற்றியது அவர்கள், நாங்கள் அல்ல.”

சிலர் சிரித்தார்கள். அண்டா என்று யாரோ சொன்னது கேட்டது.

தலைவர் அம்மா சிரிக்கவில்லை. “ஒருத்தி என்ன மருந்து வாங்கினாள் என்பதை யாருக்குக் கொடுத்தீர்கள்?”

“எங்களோடு இணைந்து இயங்கும் நிறுவனங்களுக்கு.”

“எத்தனை நிறுவனம்?”

“பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.”

“உங்களுக்கே தெரியாது. நாகலெட்சுமிக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?”

எனக்கு உள்ளே ஏதோ நிமிர்ந்தது. அப்போதுதான் ஓரத்தில் இருந்த இன்னொரு எம்பி, வயசானவர், நல்ல மனுஷர் மாதிரி, தமிழில் கேட்டார்: “மகள், அப்படின்னா அந்தப் பொருளை வாங்கினது யாரு? அவங்கதானே பாதிக்கப்பட்டவங்க. பேரைச் சொன்னீங்கன்னா பதிஞ்சுக்கலாம். உங்க அம்மா மேல பிழை இல்லைன்னும் தெளிவாயிரும்.”

மேனேஜர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

அந்தப் பேனாவைப் பார்த்தேன். பின்னால் திரும்பி அம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன்.

“சொல்ல மாட்டேன் ஐயா.”

“ஏன்?”

“அவங்க யாருகிட்டயும் சொல்லல. கடைகிட்டயும் சொல்லல. கடையா கண்டுபிடிச்சு வித்துச்சு. இப்ப நானும் சொன்னா நானும் கடைதான்.”

உட்கார்ந்துவிட்டேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

பெயர் இல்லாமலே பதியச் சொன்னார் தலைவர். எந்தெந்தக் கம்பெனிக்கு என்னென்ன கொடுத்தார்கள் என்று கடை எழுத்தில் தர வேண்டும் என்றார். மேனேஜர் ஒரு இடத்திலும் ‘பிழை விட்டோம்’ என்று சொல்லவில்லை. ஃபோனில் பதிய எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நானுஓயா தாண்டி, “கோவமா?” என்று கேட்டேன்.

“நீ பேரைச் சொல்லியிருந்தா அங்கேயே காதைத் திருகியிருப்பேன்,” என்றாள். வடைப் பொட்டலத்தைப் பிரித்துப் பெரிய வடையை எனக்குத் தந்தாள்.

ஏப்ரல் 9, புதன்

கடையிலிருந்து மெசேஜ்: விதிமீறல் காரணமாக உங்கள் பாயிண்டுகள் அனைத்தும் ரத்து.

லயமே கொதிக்கிறது. அண்டாவுக்குக் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. “ஊமை மாதிரி இருந்தவ பாராளுமன்றத்துல போய்ப் பேசி அண்டாவைக் கவுத்துட்டா” என்று மாரியாயி அத்தை இஸ்தோப்பில் நின்று சத்தம் போட்டாள். அம்மாவைப் பற்றி இன்னொன்றும் சொன்னாள், ‘வயிறு ஏன் தெரியல? கலைச்சிருப்பா’ என்று. அதை எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன்.

லோஜினி அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. நாலாவது மாதம் இன்னும் முடியவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

அப்பா வந்துவிட்டார்! சொல்லாமல், காலைக் கோச்சியில், கொழும்பு ரயிலில். கூரைத் தகரத்தில் ஒழுக்கு எங்கே என்று கேட்டு ஏறி அடைத்தார். அம்மா கீழே நின்று ஏணியைப் பிடித்தாள்.  இறங்கியதும் அப்பா, “கிஷாந்த் கூப்பிட்டு எல்லாத்தையும் சொன்னான்” என்றார். லோஜினி அக்கா வீட்டு அண்ணன் எங்களுக்காகச் சத்தியத்தை மீறியிருக்கிறார். “ம்” என்றாள் அம்மா. எனக்கு இந்த ‘ம்’ எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது.

“எடுத்திருக்கலாம் நீங்க. நான் கூப்பிட்டப்ப,” என்றாள் அம்மா.

அப்பா தகரத் தூசியைத் தட்டிக்கொண்டே நின்றார். சாப்பிடும்போது தன் தட்டிலிருந்த கருவாட்டை எடுத்து அம்மா தட்டில் வைத்தார். அம்மா உடனே சாப்பிடவில்லை. கடைசியில் சாப்பிட்டாள்.

மே 18, ஞாயிறு

லோஜினி அக்காவுக்கு ஐந்தாவது முடிகிறது. இனி மறைக்க முடியாது, மறைக்கவும் இல்லை. லயத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த ஃபோன் காலையும் இந்த வயிற்றையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அம்மாவின் கதை தனிக்கதையாகவே நடக்கிறது. கோவிலில் அம்மா பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் உட்காருகிறார்கள்.

லோஜினி அக்கா என்னிடம், “நான் மறக்கல” என்றாள். நம்புகிறேனா? தெரியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஜிப்ரியா அக்கா கூப்பிட்டாள். குழுவின் அறிக்கை பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டுவிட்டதாம். மருந்து விபரத்தைக் கடைகள் யாருக்கும் கொடுக்கக் கூடாது, சட்டத்தைச் சீக்கிரம் முழுசாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறார்களாம். அதில் ஓரிடத்தில் ‘ஒரு தோட்டத்து இளம் பெண்’ என்று வருகிறதாம். வாசித்துக் காட்டினாள். பெயர் இல்லை. நிம்மதி.

“கால் நின்னுச்சா?” என்று கேட்டாள்.

“குறைஞ்சிருக்கு.”

கடை எழுத்தில் தந்த பதிலில் சில கம்பெனிகள்தான் இருக்கின்றனவாம். மற்றவை கைமாறிக் கைமாறிப் போயிருக்கும், எல்லாவற்றையும் பிடிக்க நாளாகும் என்றாள். அறிக்கை வைத்துவிட்டால் நடக்குமா என்று கேட்டேன். “நடக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கணும்” என்றாள். இப்போது அவளைச் சந்தேகப்படவில்லை. மற்றவர்கள் மேல் சந்தேகம் இன்னும் போகவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

லோஜினி அக்காவுக்கு வளைகாப்பு. ஏழாவது மாதம்.

அண்டா இல்லாததால் மூன்று வீட்டுச் சட்டிகளில் பிரித்துச் சோறு வைத்தார்கள். ஒன்று குழைந்து, ஒன்று அடிப்பிடித்தது. மாரியாயி அத்தை ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்து, “அண்டா, அண்டா” என்று புலம்பிக்கொண்டே இருந்தாள்.

அம்மா போக மாட்டேன் என்றுதான் இருந்தாள். லோஜினி அக்கா வயிற்றோடு எங்கள் வாசலில் வந்து நின்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். முதல் வளையல் போட மாரியாயி அத்தை எழுந்தாள், வழக்கமாக அவள்தான். லோஜினி அக்கா கையை மடக்கிக்கொண்டாள்.

“இல்ல அத்தை. முதல்ல நாகலெட்சுமி அக்கா.”

மாரியாயி அத்தை எடுத்த வளையலைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

“அந்தக் காலு எனக்கு வந்தது,” என்றாள் லோஜினி அக்கா. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “குச்சி வாங்குனது நான். நம்பர் சொன்னது நான். எனக்காக அவங்க வாயைத் திறக்கல. இவ நுவரெலியாவுல கேட்டும் சொல்லல.”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். அங்கிருந்துதான் மீதியைப் பார்த்தேன். அம்மா வளையலை எடுத்தாள், சரியாகப் போகவில்லை, கண் தெரியவில்லை போல. மாரியாயி அத்தை பக்கத்தில் குந்தி லோஜினி அக்காவின் விரல்களைக் குவித்துப் பிடித்தாள். “மெதுவா ஏத்து நாகலெட்சுமி. ஒடைச்சிறாத” என்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை. அம்மாவும் எதிர்பார்க்கவில்லை.

எல்லாரும் போட்டு முடித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஜன்னலில் ஃபோன் அடித்தது.  பக்கத்தில் இருந்தது மாரியாயி அத்தைதான். மஞ்சள் பூசிய கையோடு எடுத்தாள். எங்கேயோ கை பட்டு ஸ்பீக்கரில் வந்தது. அதே ரேடியோக் குரல்.

“நாகலெட்சுமி அம்மாவா பேசுறீங்க? உங்களுக்கு இப்ப ஏழாவது மாசம் –”

மாரியாயி அத்தை ஒரு தடவை அம்மாவைப் பார்த்தாள், ஒரு தடவை லோஜினி அக்காவின் வயிற்றைப் பார்த்தாள்.

“யாரு? நாகலெட்சுமியா? அப்படி யாரும் இந்த லயத்துல இல்லையே தாயி.”

“அப்ப வீட்டுல வேற யாராவது கர்ப்பிணித் தாய்மார் இருக்காங்களா அம்மா?”

“இங்க எல்லாம் கெழடுங்க.”

யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள். லோஜினி அக்காவுக்குச் சிரிப்புத் தாங்காமல் உடம்பு குலுங்கியது, கை நிறையக் கண்ணாடி வளையல் கலகலத்தது. மாரியாயி அத்தை ஃபோனை உள்ளங்கையால் மூடி, கண்ணை உருட்டி, ஆட்டாதடி என்று சைகை காட்டினாள். லோஜினி அக்கா சத்தம் வெளியே போகாமல் இரண்டு கையையும் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.